நான்கு மணிக்கு வினாடி வினா

திங்கட்கிழமை காலை முன்னறை டிவியைப் போட்டபோது அதன் மூலையில் எட்டு மணி பத்து நிமிடம் என்றிருந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்பது பத்து என்றது. நோரீன் கையில் தேநீர்க் கோப்பையோடு இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. அதுவும் இன்றைக்கென்று பார்த்து.

இன்று மூன்று மணிக்கு மகள் ஹெதர் பிரஸ்டனிலிருந்து வருகிறாள். கூடவே நினைவுக் குறைபாட்டு மருத்துவமனையின் நர்ஸ் ஒருத்தியும். எழுபத்தொரு வயது நோரீன் இந்த வீட்டில் தனியாக இருக்கத் தகுந்தவள்தானா என்று பார்ப்பதற்கு. ஜனவரியில் குளியல் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு மறந்ததில், கீழறைக் கூரை நனைந்து தொங்கிவிட்டது. அடுத்த மாதம் தேவாலய விருந்துக்குக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு ஒருநாள் முன்பே போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றாள். மகள் திட்டவில்லை. பிரஸ்டனில் ஒரு குடியிருப்பு பார்த்து வைத்திருப்பதாக மட்டும் சொன்னாள். வயதானவர்களுக்கென்றே கட்டியது, ஒவ்வொரு அறையிலும் இழுத்தால் மணியடிக்கும் சிவப்புக் கயிறு தொங்கும் என்றாள். இந்த ஃப்ளீட்வுட் வீட்டை விற்றால் அதை வாங்கிவிடலாம். "நர்ஸ் என்ன சொல்றாங்கன்னு பாப்போம்மா," என்று மிக மென்மையாகச் சொன்னாள். அந்த மென்மைதான் நோரீனைப் பயமுறுத்தியது.

நேற்று கடிகாரங்களை மாற்றும் ஞாயிறு. மார்ச் கடைசியில் நாடே ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளி வைக்கும் நாள். இந்த வீட்டில் அது எப்போதும் கணவர் கிளிஃபின் வேலை. மீன் துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சனிக்கிழமை சாயங்காலமே முக்காலியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவார். நவம்பரில் அவர் போய்விட்டார். இது அவர் இல்லாத முதல் மார்ச்.

சனிக்கிழமை நோரீன்தான் முக்காலி மேல் ஏறினாள். முள்ளைத் தள்ளியது நினைவிருக்கிறது. தள்ளினாளா, தள்ள வேண்டும் என்று நினைத்தபடி தூசியை மட்டும் துடைத்தாளா? நேற்று ஹெதர் வந்தபோது, "கடிகாரமெல்லாம் மாத்திட்டியா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றாள் இவள். மகள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் அவளும் ஒருமுறை தள்ளியிருப்பாளோ?

நோரீன் சமையலறைக்குப் போய் மின்சார அடுப்பின் பச்சை எண்களைப் பார்த்தாள். எட்டு பதினான்கு. அடுப்பின் பொத்தான்கள் கிளிஃபுக்கு மட்டுமே அடங்குபவை. ஆனால் நேற்று ஹெதர் அதன் முன்னால் குனிந்து நின்று ஏதோ அமுக்கினாள். அது கீச் கீச்சென்று கத்தியது. அப்படியென்றால் அவள் மாற்றியிருக்க வேண்டும்.

இரண்டுக்கு ஒன்று. அடுப்பும் டிவியும் ஒரு பக்கம். டிவியில் செய்தி வாசிப்பவர்கள் நேரத்தைத் தப்பாகச் சொல்வார்களா? சுவர்க் கடிகாரம்தான் இரண்டு முறை தள்ளப்பட்டிருக்கிறது. அவள் முக்காலியில் ஏறி முள்ளை ஒரு சுற்றுப் பின்னால் கொண்டுவந்தாள். இறங்கும்போது மனம் லேசாகிவிட்டது. பாருங்கள், இவ்வளவையும் யோசித்துக் கண்டுபிடிக்கிற ஒருத்தியையா சிவப்புக் கயிறு தொங்கும் அறையில் கொண்டுபோய் வைப்பது?

இந்த முன்னறைக்கு அவள் குளிர்காலம் முழுக்க வரவில்லை. சமையலறையில் இருந்த சின்ன டிவி போதுமானதாக இருந்தது. அதையும் மதியத்தில் நிறுத்திவிடுவாள். கிளிஃபோடு பார்த்த அந்த வினாடி வினா நிகழ்ச்சியின் இசை தெரியாமல் காதில் விழுந்துவிடக் கூடாது. சனிக்கிழமை சின்ன டிவி உயிரை விட்டது. "நல்லதாப் போச்சு. முன்னறையில உக்காரு. அங்க தூசி படிஞ்சு கிடந்தா நர்ஸ் என்ன நினைப்பாங்க?" என்றாள் ஹெதர். கிளிஃபின் நாற்காலியில் உட்காராமல் எதிர்ச் சோபாவின் ஓரத்தில் நோரீன் உட்கார்ந்தாள்.

செய்திக்குப் பிறகு வீடு பார்க்கும் நிகழ்ச்சி வந்தது. கார்ன்வாலில் கடலோர வீடு தேடும் ஒரு தம்பதி. கணவனுக்குத் தோட்டம் வேண்டும், மனைவிக்குச் சாமான் அறை பெரிதாக வேண்டும். மூன்று வீடுகளில் நுழைந்து மூன்றையும் குறை சொன்னார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சமையலறைச் சுவரில் குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. "பெயின்ட் அடிச்சா போயிடும்," என்றான் அந்தக் கணவன். நோரீன் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினாள்.

பிறகு சமையல் நிகழ்ச்சியில் ஒரு பாதிரியார் மாட்டுக்கறிக் குழம்பில் மாவுருண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது தெருமுனைப் பள்ளியில் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டு இடைவேளைக் கூச்சல். நோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரைகூட ஆகவில்லை. இன்றைக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்களா?

குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு மேவிஸ் தன் குட்டைக்கால் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, மத்தியானம் ஆகியும் ராத்திரி அங்கியிலயே நிக்கறே?"

"மத்தியானமா? இன்னும் காலைதான்."

"உன் வீட்டில காலை. என் வீட்டில நான் சூப் குடிச்சாச்சு."

"நீ கடிகாரத்தை ரெண்டு தடவ தள்ளியிருப்பே மேவிஸ். எங்க வீட்டிலயும் அதே கூத்துதான். நான் இப்பதான் சரி பண்ணினேன்."

மேவிஸின் மகன் வந்து மாற்றிக் கொடுத்த கடிகாரம் அது. அவளுக்கும் தன் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. "இருந்தாலும் இருக்கும். அந்தப் பயலுக்கு எதையும் ஒரு தடவையில செய்யத் தெரியாது," என்றாள். "அப்ப எனக்கு இன்னொரு சூப் பாக்கி இருக்கு." நாய் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று.

உள்ளே வந்தபோது டிவியில் கம்பிரியா மலைப் பண்ணையில் ஒரு ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. பிறகு பழம்பொருள் விற்கும் மைதானம். ஒரு பெண் தன் தந்தையின் பித்தளைத் திசைகாட்டியைக் கொண்டுவந்திருந்தாள். நிபுணர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஊசி வடக்கைக் காட்டவில்லை என்றார். "அப்பா அதை வெச்சுத்தான் கப்பல் ஓட்டினார்," என்றாள் அவள். மைதானமே சிரித்தது. நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று பொருந்தாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக விழும் வெயில், இந்த நேரத்துக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கிளிஃபின் நாற்காலிக் கைமேல் கிடந்தது. வெயிலும் தப்பா? எல்லோரும் ஒருபக்கம் நிற்க, தான் மட்டும் டிவியோடும் அடுப்போடும் தனியாக நிற்பதுபோல் இருந்தது. இதைத்தான் அவர்கள் நோய் என்கிறார்களோ? எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, உலகம்தான் பிசகிவிட்டது என்று தோன்றுவதை?

சாப்பிட்டுவிட்டுத் தலையைக் கழுவினாள். முடியைச் சுருட்டும் பிளாஸ்டிக் சுருள்களைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது பழைய கறுப்பு வெள்ளைப் போர்ப்படம் முடியும் தருவாயில் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நீல கார்டிகன் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. அவள் கண்ணை மூடினாள்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஹெதர். பின்னால் பச்சை மழைச்சட்டை போட்ட, சிரித்த முகமுள்ள ஒரு பெண்.

"அம்மா! இன்னும் டிரஸ்கூட மாத்தலையா?"

"நீதான் ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துட்டே," என்றாள் நோரீன்.

ஹெதர் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். ஆனால் நோரீன் அதைப் பார்த்துவிட்டாள்.

நர்ஸின் பெயர் கார்மல். அயர்லாந்துக்காரி. "சுருளோட இருக்கற தலைதான் நல்ல தலை. என் தலையைப் பாருங்க, காத்துல கோழிக்கூடு மாதிரி," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். டிவியை அணைத்ததும் கேள்விகள் ஆரம்பமாயின. ஆண்டு, மாதம். ஒரு பெயரும் முகவரியும் சொன்னாள். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் கேட்பாளாம். ஆல்பர்ட் நோக்ஸ், பதினாறு, கால்வாய்த் தெரு, லீட்ஸ்.

"இப்ப கடிகாரத்தைப் பாக்காம சொல்லுங்க. மணி சுமாரா என்ன இருக்கும்?"

இது ஒன்றுதான் நோரீனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. காலையிலிருந்து அவள் வேறு எதைச் செய்தாள்? "ரெண்டு அடிச்சுக் கொஞ்ச நேரம் ஆச்சு."

கார்மலின் பேனா தாளில் ஒரு புள்ளியாய் நின்றது. ஹெதர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

மாதங்களைப் பின்னோக்கிச் சொன்னாள். இருபதிலிருந்து கீழே எண்ணினாள். ஆல்பர்ட் நோக்ஸின் முகவரியை ஊர் உட்பட ஒப்பித்தாள். ஆனால் அந்தப் புள்ளி அறைக்குள்ளேயே இருந்தது.

"மூணு இருபது ஆகுதும்மா," என்றாள் ஹெதர். எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவள் திகைத்தாள். "இதை யாரு திருப்பினது? சனிக்கிழமை நீ சரியாத்தானே மாத்தியிருந்தே. நேத்து நான் பாத்தேனே!"

"டிவில எட்டுன்னு போட்டான். அடுப்பும் எட்டுன்னுது."

"அடுப்பு எனக்கு அடங்கலை, விட்டுட்டேன். டிவில எப்படி?" ஹெதர் ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். இரண்டு மணி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கிழவர் ரோஜாச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். ஹெதர் திரைக்கு அருகில் போய் மூலையைப் பார்த்தாள். சேனலின் சின்னத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி, அதையடுத்து ஒன்று என்ற எண்.

"ஐயோ அம்மா. இது தாமதச் சேனல். அதே சேனல்தான், தவறவிட்டவங்களுக்காக எல்லாத்தையும் ஒரு மணி நேரம் கழிச்சுக் காட்டுவான். காலைச் செய்தியைக்கூட அந்தக் கடிகாரத்தோட சேத்து அப்படியே."

கார்மல் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டு அடுப்பு வருஷத்தில பாதி நாள்தான் சரியா இருக்கும். நான் இதைத் தாளுல எழுதிடறேன்." அவள் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். வாசல் வரை போனபோது நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை விக்கறதும் விக்காததும் என் தாளுல இல்லை. அது உங்க ரெண்டு பேர் பாடு," என்றாள்.

கதவைச் சாத்தியதும் ஹெதர் மெதுவாகக் கேட்டாள். "ஆனா அம்மா, அந்தச் சேனலுக்கு யாரு மாத்தினது? நீயே எதையோ அமுக்கிட்டு மறந்துட்டே, இல்ல?"

"நான் அமுக்கலை. போட்டேன், வந்தது."

"சரி," என்றாள் ஹெதர். மறுபடியும் அதே மென்மை. அவள் உண்மையான சேனலுக்கு மாற்றினாள். அந்த இசை வந்தது. நோரீனின் முதுகு விறைத்தது.

"இது எப்படி இப்ப? இது நாலு மணிக்குத்தானே வரும்."

"வினாடி வினாவா? மூணு மணிக்கும்மா. எப்பவும் மூணு மணிதான். எங்க ஆபீஸ் கேன்டீன்ல தினம் ஓடும்."

"நாலு மணி," என்றாள் நோரீன். "பன்னெண்டு வருஷம் நாலு மணிக்குத்தான் பாத்தோம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் தேய்ந்தது. வாரத்தில் ஐந்து நாளும் மதியம் அவள், நன்கொடையாக வரும் பழைய பொருட்களை விற்கும் தர்மக் கடையில் துணிகளைப் பிரித்து அடுக்கப் போவாள். நான்குக்குச் சற்று முன் திரும்பி வருவாள். கிளிஃப் இந்த நாற்காலியில் தேநீரோடு காத்திருப்பார். "வா நோரி, உன் அறிவாளியைப் பாரு," என்பார். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வார். மங்கோலியாவின் தலைநகரம். பக்கவாட்டில் படுத்துச் சுழலும் கோள். பதினைந்து வயதில் பள்ளியை விட்ட மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவள் கடையில் எல்லோரிடமும் வியந்திருக்கிறாள். சவ அடக்கத்தன்று ஹெதர் எழுந்து நின்று, "எங்க அப்பாவுக்குத் தெரியாதது ஒண்ணுமே கிடையாது," என்றாள்.

டிவி, கடைசியாக அணைத்தபோது இருந்த சேனலில்தான் திரும்ப விழிக்கும். குளிர்காலம் முழுக்க யாரும் அதைத் தொடவில்லை. கடைசியாக அணைத்தவர் கிளிஃப்.

நோரீன் சோபாவில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை போதும், தன் தலை சரியாக இருக்கிறது என்று காட்டிவிடலாம். அந்த ஒரு வார்த்தையில் ஹெதரின் அப்பா கொஞ்சம் சிறுத்துப்போவார். இவளுக்குள் ஒரே சமயத்தில் கோபமும் சிரிப்பும் கிளம்பி எது முதலில் வருவதென்று தெரியாமல் நெஞ்சில் முட்டின. பன்னிரண்டு வருஷம்! படுபாவி!

"நீ எப்பக் கிளம்பணும்?"

"அஞ்சு மணிக்கு மேல போனாப் போதும்."

"அப்ப இரு. டீ போடறேன். இதைப் பாத்து முடிச்சிடலாம்."

நிகழ்ச்சியின் பிற்பாதி முழுவதையும் நோரீன் கண்ணிமைக்காமல் பார்த்தாள். மகள் ஏதோ பேச வந்தபோது கையை உயர்த்தித் தடுத்தாள். நான்கு மணிக்கு ரிமோட்டை வாங்கி, மீண்டும் தாமதச் சேனலுக்குப் போனாள்.

"இப்பதானேம்மா பாத்தோம்?"

"பேசாம உக்காரு."

முதல் பாதியில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பதில் சொன்னாள், இரண்டும் தப்பு. ஹெதர் கைப்பைக்குள் சாவியைத் தேட ஆரம்பித்தாள். பாதி தாண்டியது.

"நார்வேயின் மிகப் பெரிய ஏரி..."

"மியோசா," என்றாள் நோரீன்.

ஹெதர் நிமிர்ந்தாள்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயங்கள்..."

"மூணு."

இரண்டை விட்டாள், ஒன்றைத் தடுமாறிப் பிடித்தாள், மற்றதெல்லாம் வந்தது. குரலைச் சற்றுக் கரகரப்பாக்கி, நாற்காலிக் கையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள். அப்போதுதான் கவனித்தாள், தான் எப்போதோ எழுந்து கிளிஃபின் நாற்காலிக்கு மாறியிருந்தாள்.

ஹெதரின் சாவி மடியில் கிடந்தது. "அம்மா," என்றாள். பிறகு திரையின் மூலையில் இருந்த கூட்டல் குறியைப் பார்த்தாள். பிறகு தாயை. "அப்பா?"

நோரீன் தலையசைத்தாள்.

"தினமுமா?"

"மூணு மணிக்கே பாத்து, நான் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள பதிலெல்லாம் படிச்சு வெச்சிருக்கார் உங்கப்பா."

ஹெதர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மூக்கைச் சிந்தினாள். "சர்ச்சுல வெச்சு, அத்தனை பேர் முன்னால, நான் என்னெல்லாம் சொன்னேன்! பாதிரியார்கூடத் தலையாட்டினாரேம்மா!" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். கடைசியில் முக்காலி மேல் ஏறினாள். "வீட்டைப் பத்தி இப்பப் பேச வேணாம்," என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அடுத்த மார்ச் வரட்டும். ஒரு மணி நேரம் முழுக்க இவ்வளவு ஞாபகம் வெச்சுக்க எனக்கே வராது."

"அந்தக் கேன்டீனை விட்டு எழுந்து வேலை பாத்தா வரும்," என்றாள் நோரீன்.

மகள் முள்ளை நகர்த்துவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் உள்ளே வேறு ஏதோ அசைந்தது. போன செப்டம்பர், அக்டோபர். கிளிஃப் பதில்களைத் தவறவிட ஆரம்பித்திருந்தார். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பாதிக்கு மேல். கேள்வி முடிந்தபின் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லாமே தெரிஞ்சவங்க யாரு இருக்கா?" என்று அவள் அவர் முழங்கையில் தட்டுவாள். அவர் திரும்பி இவளை ஒரு பார்வை பார்ப்பார். தோற்றதில் ரோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவற்றின் பதில்களை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவர் கேட்டிருந்தார்.

விளையாட்டாக ஆரம்பித்ததுதானா அது? எந்த மாதத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போனது? இவளை ஏமாற்ற உட்கார்ந்திருந்தாரா, தன்னையே தினமும் சோதித்துக்கொண்டிருந்தாரா? இதயம்தான் அவரைக் கொண்டுபோனது என்றார்கள். வேறு எதையும் யாரும் தேடவில்லை. கேட்கலாமென்றால் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

இதை ஹெதரிடம் சொல்ல வாயெடுத்தவள் ஆறிய டீயை எடுத்துக் குடித்தாள்.

"அடுப்பையும் மாத்தவாம்மா? ஒரு கை பாத்துடறேன்."

"வேணாம். அது கிடக்கட்டும்."

ஹெதர் கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் தாயை அணைத்து, தலையில் இன்னும் கழற்றாமல் இருந்த சுருள் ஒன்றை உருவிக் கையில் கொடுத்தாள். நோரீன் அதைப் பிடித்துக்கொண்டு கார் முனை திரும்பும்வரை கையசைத்தாள். அப்போது, யாரும் கேட்காமலே, மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆல்பர்ட் நோக்ஸ். பதினாறு. கால்வாய்த் தெரு.

ஊர் வரவில்லை.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். யாருக்கும் இப்படி ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அப்படி ஒரு மனிதனே உலகத்தில் இல்லை. மேவிஸ் தன் வாசலிலிருந்து, "என்ன சொன்னாங்க நர்ஸு?" என்று கத்தினாள்.

"எல்லாம் சரியா இருக்குதாம்," என்றாள் நோரீன். திரும்பிய தன் முகத்தில் கிளிஃப் பார்த்த அந்தப் பார்வை இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை மேவிஸ் எதுவென்று எடுத்துக்கொள்வாள் என்பதுதான் தெரியவில்லை.